வெந்நீரில் ஒளிந்த நோய்

முதல் ரிப்போர்ட்: நார்மல்

அம்சாவைப் பார்த்த முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் அவள்மேல்தான்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை டெக்னீஷியனாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என் வேலை இதுதான்: நோயாளியின் மணிக்கட்டில் ஸ்டிமுலேட்டரை வைத்துச் சின்னதாக ஒரு ஷாக் கொடுப்பேன். நரம்பு அந்தச் சேதியைக் கொண்டுபோய் விரல் சதையில் சேர்க்கும். சதை துடிக்கும். மேலே ஒட்டியிருக்கும் எலக்ட்ரோடு அந்தத் துடிப்பைப் பிடித்துத் திரையில் ஒரு மேடாக வரைந்து காட்டும். மேடு எவ்வளவு சீக்கிரம் வந்தது, எவ்வளவு உயரம் எழும்பியது என்று குறித்துக் கொடுப்பேன். டாக்டர் லலிதா அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்.

இந்தத் தொழிலில் சந்தேகப்படாதவன் தேறமாட்டான். மேடு சின்னதாக வந்தால் முதலில் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் ஜெல்லை. அப்புறம் மாடியில் ஓடுகிற தண்ணீர் மோட்டாரை. எல்லாம் சரி என்றால் நரம்பை. நரம்பும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஆள்தான். விபத்துக் கேஸுக்காகக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் அதே கையால் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர்களை, மன்னிக்கவும், காலால் உதைத்து அதே கையால் முறுக்கிக்கொண்டு போனவர்களை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வீட்டிலும் என் குணம் இதேதான். "காப்பி குடுத்தாகூட மோந்து பாத்துட்டுதான் குடிப்ப நீ" என்று என் மனைவி சொல்வாள். உண்மையை ஏன் மறைக்கணும், மோந்துதான் பார்ப்பேன்.

அம்சா செய்யூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கடற்கரைச் சாலையில் ஒரு இறால் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் மிதக்கும் இறாலை எடுத்துத் தலை கிள்ளி, ஓடு உரித்து, தரம் பிரித்துப் போட வேண்டும். வேலை நடுவில் இரண்டு கையும் பூட்டிக்கொள்கிறது, விரலை நீட்டவே முடியவில்லை, அப்புறம் கை தொளதொளத்துப் போய்விடுகிறது என்பது அவள் புகார். ஐஸ் பக்கமே இல்லாத வேறு வேலைக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவள் புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டில் கிடந்தார். வீட்டுக்கு வருகிற சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

கம்பெனி அவளைத் தனியாக அனுப்பவில்லை. சூப்பர்வைசர் குமரேசனைக் கூடவே அனுப்பியிருந்தது. குமரேசன் நாற்பதைத் தாண்டிய ஆள், ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்து நின்றார்.

"சார், முன்னாடியே ஒண்ணு சொல்லிர்றேன். இது வூட்ல கொழம்பு வெக்கிது, துணி தொவைக்கிது, பொண்ண இஸ்துகினு பஸ் ஏறுது. அங்கெல்லாம் ஒண்ணும் ஆவுல. எங்காண்ட வந்தாத்தான் கை பூட்டிக்கிது. இது இன்னா சார் நோயி? வேலைக்கு வந்தா மட்டும் வர்ற நோயா?"

அம்சா அவர் பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றாள், அவ்வளவுதான்.

குமரேசன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் வேலையை முறைப்படி செய்தேன். சீட்டில் எழுதியிருந்தது கார்பல் டனல், அதாவது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கோளாறு. கையாலேயே பிழைப்பவர்களுக்குச் சகஜமாக வருவது. அதற்கு நரம்பின் வேகத்தை அளந்தால் போதும், சதைக்குள் ஊசி குத்திப் பார்க்கத் தேவையில்லை.

அளப்பதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. கை சில்லென்று இருந்தால் நரம்பு மெதுவாக ஓடும். நல்ல நரம்பும் கெட்ட நரம்பு மாதிரித் தெரியும். ஆகவே கை குளிர்ந்திருந்தால் முதலில் சூடு பண்ண வேண்டும். எங்கள் அறையில் ஏசி குளிர் அதிகம். அதனால் நான் வருகிற எல்லோருடைய கையையும் வெந்நீர் பேசினில் ஊறவைத்து, துடைத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எலக்ட்ரோடு ஒட்டுவேன். மற்ற இடங்களில் இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்சாவின் கையையும் வெந்நீரில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா சொகமா கீதுண்ணா" என்றாள். அளந்தேன். எல்லா மேடும் அச்சு மாதிரி வந்தது. டாக்டர் லலிதா நார்மல் என்று எழுதினார்.

குமரேசன் முகத்தில் வெற்றி. அம்சா முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, ஒயரைச் சுற்றி வைக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது ரிப்போர்ட்: அதுவும் நார்மல்

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை புதிதாக ஒரு புகார். ஐஸ் தண்ணீர் முகத்தில் தெறித்தபோது கண்ணை இறுக்கி மூடியிருக்கிறாள், திறக்கவே வரவில்லையாம். பக்கத்து மேஜைப் பெண்கள் கையால் இமையைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள்.

"இப்போ கண்ணும் சேந்துகிச்சி சார்" என்றார் குமரேசன். "அடுத்து இன்னா, வாயி பூட்டிக்கும். அது பூட்டிக்கினா எல்லாருக்கும் நல்லது."

கண் இமை என்றதும் டாக்டருக்கு வேறு ஒரு யோசனை வந்தது. நரம்பும் சதையும் சேரும் இடத்தில் வருகிற சோர்வு நோயாக இருக்கலாம் என்று நினைத்தார். அதற்கு ஒரே இடத்தில் ஷாக்கைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனையிலும் கை சூடாக இருந்தால்தான் கோளாறு பளிச்சென்று தெரியும், குளிரில் மறைந்துவிடும் என்பது பாடம். ஆகவே மறுபடி வெந்நீர். மறுபடி நார்மல்.

குமரேசன் கம்பெனிக்குப் போன் போட வெளியே போனார். அந்த இடைவெளியில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு தொழிலாளியின் கைக்காக ஒரு சூப்பர்வைசர் இவ்வளவு அலைவானேன்? இதில் வேறு ஏதோ கசமுசா இருக்கிறது என்று பட்டது. அம்சாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த ஆளு உன்கிட்ட ஏதாவது தப்புத்தண்டாவா நடந்துக்கிறானா? பயப்படாம சொல்லு."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ச்சீ, இன்னாண்ணா நீங்க! அவரு நல்ல மனுசன்தான். நான் நின்னா என் பங்கு இறாலையும் மத்த பொம்பளைங்கதான் உரிக்கணும். அவங்க தெனிக்கும் அவர்கிட்ட போயி சண்ட போடுறாங்க. அவுருக்கு அந்த பேஜாரு. நான் பொய் சொல்றேன்னு நெசமாவே நம்பிகினு கீறாரு, அவ்ளோதான்."

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களுந்தான நம்பிகினு கீறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்ன சொல்ல? இரண்டு தடவை மெஷின் சொன்னதை நான் எப்படி இல்லை என்பேன்?

மூன்றாவது தடவை: ஐஸ் பெட்டி

மூன்றாவது தடவை குமரேசன் ஒரு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே முழுக்க உடைத்த ஐஸ். அறை முழுக்க இறால் வாசனை அடித்தது.

"இது இன்னாய்யா?" என்றேன். ஆத்திரத்தில் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. என் ஊர் அச்சரப்பாக்கம்.

"சார், ரெண்டு வாட்டியும் நான் பாத்துகினுதான் இருந்தேன். நீங்க அது கைய வெந்நீர்ல ஊறவெச்சி எடுத்தீங்க. எங்க கம்பெனில வெந்நீர் ஏது? இங்க நார்மல்னு வருது, அங்க வந்து அழுவுது. கேட்டா ஐஸ்லதான் வருதுன்னுது. சரி, ஐஸ்லயே வெச்சி எடுங்க. எங்க ஐஸையே எடுத்துகினு வந்துட்டேன். அதுலயும் நார்மல்னு வந்தா ஒரேடியா வெட்ட வெளிச்சமாயிடும்ல?"

டாக்டர் லலிதா அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மூலையில் ஆவி பறந்துகொண்டிருந்த என் பேசினைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாமோதரன் அண்ணே, இவர் கேக்கறது சரி. குளிர்ல மட்டும் வர்ற நோயை நாம சூடு பண்ணிட்டுத் தேடியிருக்கோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. புத்தகப்படி செய்தோம், இரண்டு தடவையும் புத்தகப்படிதான் செய்தோம். அதனாலேயே நோய் இரண்டு தடவையும் வெந்நீரில் ஒளிந்துகொண்டுவிட்டது.

அம்சாவின் வலது கையின் சுண்டுவிரல் பக்கச் சதையில் எலக்ட்ரோடு ஒட்டினேன். தோல் நனையாமல் இருக்கக் கையைப் பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் வைத்தோம். குளிர்வதற்கு முன் ஒரு மேடு எடுத்து வைத்துக்கொண்டேன். கை நன்றாகக் குளிர்ந்ததும், சுண்டுவிரலைக் கொஞ்ச நேரம் பலம் கொண்ட மட்டும் விரிக்கச் சொன்னார் டாக்டர். உடனே ஷாக் கொடுத்தேன்.

மேடு குறைந்திருந்தது. பின்னாலேயே குட்டிக் குட்டி அலைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒரு தடவை கூப்பிட்டதற்குச் சதை நாலு தடவை பதில் சொன்ன மாதிரி. மறுபடி விரிக்கச் சொன்னோம், மறுபடி ஷாக். மேடு பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்னொரு தடவை. தரையோடு தரை.

"கையை விரிங்க அம்சா."

விரல்கள் மடங்கியபடியே நின்றன. அவள் தோளும் கழுத்தும் முறுக்கேறின. "முடியல மேடம். இப்பிடித்தான் ஆவுது. இதான். இதத்தான் நான் சொன்னேன்." குரல் உடைந்துவிட்டது.

குமரேசன் விட்டுக்கொடுக்கவில்லை. "அதுதான் இறுக்கினு கீது சார். நானும் இறுக்குவேன்."

"யோவ்" என்றேன். "ஷாக் குடுக்கறது நான். துடிக்கிறது சதை. நடுவுல அந்தப் பொண்ணு மனசுக்கு வேலையே இல்ல. இறுக்கறது நடிப்பா இருக்கலாம், இந்த மேட்டை எவன்யா நடிப்பான்?"

அவர்மேல் பாய்ந்தேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை வரவில்லை. குளிரில் எலக்ட்ரோடு பிடி விட்டிருக்கலாமே. பிரித்துப் புதிதாக ஒட்டிப் பார்த்தேன். அதேதான். ஒயரை மாற்றினேன். அதேதான். அப்புறம் ஐஸ்மேல் சந்தேகம் வந்தது. கம்பெனி ஐஸ், என்ன கலந்திருக்கிறார்களோ. ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தேன். டாக்டர் சிரித்துவிட்டார்.

"அண்ணே, மோந்தெல்லாம் பாக்க வேண்டாம். இதே ஐஸ்ல நல்ல கை ஒண்ண வெச்சிப் பாருங்க, தெரிஞ்சிடும்."

அவர் பார்வை குமரேசன் பக்கம் திரும்பியது.

"எங் கையா? எனுக்கு இன்னாத்துக்கு மேடம்?"

"ஐஸ் உங்களோடதுதானே?" என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

பூட்ஸோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். வாளியில் கையை வைத்ததும் முகம் ஒரு மாதிரியாகியது. முதல் ஷாக்குக்கு "ஐயய்யோ நைனா!" என்று கத்தினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்சாவுக்குச் செய்த அதே மாதிரி விரிக்கச் சொல்லி, ஷாக் கொடுத்து, மறுபடி விரிக்கச் சொல்லி எடுத்தோம். அவருடைய மேடு கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் உயரம் துளிகூடக் குறையவில்லை. சொல்லப்போனால் குளிர்வதற்கு முன் எடுத்ததைவிட ஒரு பிடி கூடவே இருந்தது. குளிர்ந்த நல்ல கை அப்படித்தான் காட்டும்.

இரண்டு படங்களையும் திரையில் அடுத்தடுத்து வைத்தேன். படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றில் வரிசையாகக் குன்றுகள். இன்னொன்றில் குன்று இருந்த இடத்தில் வெறும் மேடு பள்ளம், கடைசியில் அதுவும் இல்லை.

குமரேசன் ஜெல் ஒட்டிய கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்போ நெசமாவேதான் வருதா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

கதவு சாத்தாத சதை

டாக்டர் லலிதா அவர்கள் இருவருக்கும் சேர்த்து விளக்கினார். எனக்கும்தான். இத்தனை வருஷம் மேட்டை வரைந்தவன் நான், அந்த மேடு எதனால் எழும்புகிறது என்று அவ்வளவாக யோசித்ததில்லை.

ஒவ்வொரு சதை இழையின் தோலிலும் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. புரதத்தால் ஆனவை. அதில் ஒரு வகை சோடியத்துக்கான வாசல், சோடியம் சேனல். நரம்பிலிருந்து சேதி வந்ததும் அது திறக்கும். சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல்தான் திரையில் மேடாக நாம் பார்ப்பது. அதில்தான் சதை சுருங்கும். திறந்த கையோடு, அந்தப் புரதத்தின் ஒரு துண்டே மூடி மாதிரி வந்து வாசலை அடைத்துவிட வேண்டும். அடைத்தால்தான் சதை தளர்ந்து அடுத்த சேதிக்குத் தயாராகும்.

"அந்தப் புரதம் ஒரு நீளச் சங்கிலி" என்றார் டாக்டர். "அமினோ அமிலங்களைக் கோத்து மடிச்ச சங்கிலி. அதில் ஒரே ஒரு கண்ணி மாறிப் பிறந்துட்டா மடிப்பு லேசா மாறிடும். வாசல் இருக்கும், திறக்கும். மூடி மட்டும் சரியா வந்து பொருந்தாது. சூட்டில் எப்படியோ சமாளிச்சிடும். குளிர்ல சமாளிக்க முடியாது."

குமரேசனுக்குப் புரியவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"உங்க கோல்டு ஸ்டோரேஜ் கதவு முழுசா சாத்தலைன்னா என்ன ஆகும்?"

இதற்கு அவருக்குப் பதில் தெரியும். "வெளி காத்து உள்ள வந்துகினே இருக்கும் மேடம். கம்ப்ரெஸரு நிக்காம ஓடும். ஓடி ஓடி, கடசில ட்ரிப் ஆயி நின்னுடும்."

"அதேதான். சோடியம் கசிஞ்சு உள்ள வந்துக்கிட்டே இருக்கு. சதை நிக்காம ஓடுது. அதுதான் அவங்க கை பூட்டிக்கிறது. அப்புறம் ட்ரிப் ஆகிடுது. அதுதான் தொளதொளன்னு ஆகிறது. நரம்புல ஒரு குறையும் இல்லை. நாங்க தேடின இடமே வேற."

அம்சா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சூடு பண்ணியும் அந்தக் கை அன்று முழுக்க எழும்பவில்லை. "அப்போ நான் நடிக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா மேடம்?" என்றாள்.

"கண்டிப்பா."

குமரேசன் தொண்டையைக் கனைத்தார். "மேடம், கோச்சிக்காதீங்க. ஒண்ணு சொல்லணும். நடிக்கிதுன்னா எங்க ஆபீஸ்ல மெமோ குடுப்பாங்க, நின்ன நேரத்துக்குச் சம்பளத்த புடிப்பாங்க, திட்டுவாங்க. ஆனா வெச்சினு இருப்பாங்க. ஆளு கெடைக்கறதில்லயே. இதுவே நோயின்னு பேப்பர் வந்துச்சின்னா, கான்ட்ராக்ட் ஆளு இது, அன்னிக்கே கேட்ல நிறுத்திடுவாங்க. எத்தினி பேர அப்பிடி அனுப்பினாங்கன்னு எனுக்குத் தெரியும்."

எனக்கு உடனே பற்றிக்கொண்டு வந்தது. தான் தோற்றதை மூடி மறைக்கப் பார்க்கிறார், இது புது நாடகம் என்றுதான் நினைத்தேன். சொல்லவும் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சா பேசிவிட்டாள்.

"மேடம், அப்போ நடிக்கிறேன்னே எழுதிக் குடுத்துடுங்க."

நடிக்கவில்லை என்று நிரூபிக்கத்தானே அவள் மூன்று தடவை பஸ் ஏறி வந்தாள்!

"இன்னா பண்றது? மெமோவ வாங்கிக்கிறேன். திட்டு எனுக்குப் பழகிப்போச்சி. சம்பளம் இல்லன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது மேடம்."

டாக்டர் குமரேசனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "அம்சா, முதல் தடவையே கேட்டேன், வீட்ல வேற யாருக்காவது இப்படி உண்டான்னு. இல்லைன்னீங்க. இப்ப சொல்லுங்க."

அவள் மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சி மேடம். மார்கழி மாசம் வெடிகாலைல கழனில எறங்கினா கை பூட்டிக்கும். மண்வெட்டிய விட முடியாது. வெயிலு ஏறட்டும்னு வரப்புல குந்திகினு இருப்பாரு. ஊரே சோம்பேறின்னுது. எங்கம்மாவும் அப்பிடித்தான் சொல்லும். நானும் சொல்லிகீறேன். பெரிசாயி எனுக்கே வந்தப்போதான் புரிஞ்சிது, அதுக்குள்ள அவரு போயிட்டாரு."

"உங்க பொண்ணுக்கு?"

அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலைல ஸ்கூல்ல எழுத மாட்டேங்குதுன்னு டீச்சர் கம்ப்ளெயின்ட் பண்ணாங்க. ரெண்டாவது படிக்குது. திமிருன்னு சொல்லி அடிச்சிட்டாங்க. வூட்டுக்கு வந்ததும் நானும் ஒண்ணு போட்டேன்."

இந்த நோய் பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். அம்சா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை அங்கே யாருக்கும் காட்ட விருப்பமில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எழுதுங்க மேடம். நோயின்னே எழுதுங்க. எங்கப்பா சோம்பேறின்னு பேரு வாங்கிகினு செத்தாரு. எம் பொண்ணு வாங்கக் கூடாது. வேல போனா போவட்டும்."

அதன் பிறகு

வேலை போயிற்று. குமரேசன் சொன்னது பொய்யில்லை, அன்றைக்கே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அம்சா எங்கள் ஊரில் ஒரு டிபன் கடையில் தோசைக்கல் முன்னால் நின்றாள். இதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை அந்தச் சோடியம் வாசலை அளவோடு அடைக்கும் என்று, ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அதைக் கொடுத்தார். நன்றாகவே கேட்டது.

சில மாதம் கழித்து அவளை அதே கம்பெனியின் குக்கிங் செக்‌ஷனில் எடுத்துக்கொண்டார்கள். இறாலை ஆவியில் வேகவைக்கும் இடம். அந்தச் சூட்டுக்குப் பயந்து ஒருவரும் போகமாட்டார்கள். அம்சாவுக்கு அது சொர்க்கம். ஏற்பாடு செய்தது குமரேசன்தான். "எங் கையிலயே வெச்சிப் பாத்தாங்க சார், அது பொய்யில்ல" என்று ஆபீஸில் போய் நின்று சண்டை போட்டிருக்கிறார். இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று நான் துருவித் துருவிக் கேட்டதற்கு, "யாரத்தான்ணா நீங்க நம்புவீங்க?" என்று அம்சா சிரித்தாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சந்தேகத்தை விடாதே, அதை விட்டால் வேலை கெட்டுவிடும். ஆனால் வந்தவரிடம் "எப்போது வருகிறது, எங்கே வருகிறது" என்று முதலில் கேள். அந்த எப்போதையும் எங்கேயையும் உன் அறைக்குள் கொண்டுவா. அவர் சொல்வதற்கு நேர்மாறான நிலைமையில் வைத்து அளந்துவிட்டு, அவரைப் பொய்யர் என்று நினைக்காதே.

மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் டாக்டர். யாழினி என்று பெயர், இரட்டைச் சடை, வாயாடி. சின்னக் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் ஷாக் வேண்டாம் என்று, முதலில் ஈரத்துணியில் ஐஸைச் சுற்றி அவள் உள்ளங்கையில் வைத்தோம். "அங்கிள் விரலை கெட்டியா புடிச்சுக்கோ பாப்போம்" என்று என் ஆள்காட்டி விரலை நீட்டினேன். சிரித்துக்கொண்டே பிடித்தாள். "சரி, விட்டுரு" என்றேன்.

விரல்கள் விடவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்சாவும் பக்கத்தில் பேசாமல்தான் நின்றிருந்தாள். ஆனாலும் அந்தக் குழந்தை இன்னொரு கையைக் கன்னத்துக்கு முன்னால் தூக்கி அடியைத் தடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, அவசர அவசரமாகச் சொன்னது:

"நான் வேணும்னு பண்ணல அங்கிள்."

"தெரியும்டா கண்ணு" என்றேன். அது தானாக விடும்வரை என் விரலை எடுக்கவில்லை.